பந்தைத் திருப்பி எறிய முடியாதவன்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடும் முதல் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, அந்த அணியை வைத்து 1989இல் வந்த ‘மேஜர் லீக்’ என்ற சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே புல்வெளி ஓரமாக இன்னும் பனி கிடக்கும். எங்களையும் கூப்பிடுவார். அவர் பிறந்தது 1947இல். கிளீவ்லாண்ட் கடைசியாக உலகத் தொடரை, அதாவது பேஸ்பாலின் சாம்பியன் பட்டத்தை, வென்றது 1948இல். அப்போது அவர் தொட்டில் குழந்தை. அதற்கப்புறம் இன்றுவரை இன்னொன்று வரவில்லை. அந்தப் படத்தின் வசனமெல்லாம் அவருக்கு அத்துப்படி, நடிகர் வாயைத் திறப்பதற்கு முன் இவர் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் 1994இல் வந்த இரண்டாம் பாகத்தை மட்டும் பார்க்க மாட்டார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “அது எங்கள் படம் இல்லை” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த ஒரு வரி எனக்குள் பல வருஷமாக முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நான் முதலில் பார்த்ததே அந்த இரண்டாம் பாகத்தைத்தான், எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும், எந்த விமர்சனத்தைப் புரட்டினாலும், முதல் பாகம் பொக்கிஷம், இரண்டாம் பாகம் வீண் என்றுதான் சொல்வார்கள். நானும் வாய் திறக்காமல் தலையாட்டிவிடுவேன். இப்போது அப்படித் தலையாட்ட மனம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளீவ்லாண்ட் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தியாகராஜ ஆராதனை. 1978இலிருந்து ஈஸ்டர் சமயத்தில் நடக்கிறது. இங்கே குடிவரும் முன் எனக்கும் இந்த ஊரைப் பற்றி அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பேஸ்பால் ஒரு மண்ணும் புரியாது. மகளுக்குப் பதினொரு வயதாக இருந்த ஒரு குளிர்காலத்தில், இந்த ஊரில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருப்பதா என்று நூலகத்துக்குப் போய்ப் படம் தேடினேன். முதல் படத்துக்கு ‘ஆர்’ சான்று, வார்த்தைக்கு வார்த்தை கெட்ட வார்த்தை. இரண்டாவதற்கு ‘பிஜி’. குழந்தையோடு பார்ப்பதற்கு எது தோதோ அதை எடுத்து வந்தேன், அவ்வளவுதான். முதலாவதைப் பார்த்திருந்தால் ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. ஒப்பிட எதுவும் இல்லாமல் போனது ஒரு கொடுப்பினை என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்வையாளர் எண்ணிக்கை எட்டு லட்சத்துக்குக் கீழே போனால் அணியை மயாமிக்குக் கொண்டுபோகலாம் என்று வேண்டுமென்றே உதவாக்கரைகளாகப் பொறுக்கிச் சேர்க்கிறாள் முதலாளியம்மா, அந்த உதவாக்கரைகள் சேர்ந்து ஜெயித்துக் காட்டுகிறார்கள். இரண்டாவதில் அவர்கள் ஜெயித்து முடித்து அடுத்த வருஷம். சார்லி ஷீன் நடித்த வான், கண்மண் தெரியாத வேகத்தில் பந்தெறிந்தவன், இப்போது கோட்டு சூட்டும் ஏஜென்ட்டுமாக அலைகிறான், வேகத்தை விட்டுவிட்டு நாசூக்கான பந்துகளைப் போட்டு அடி வாங்குகிறான். ஓடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஹேஸ் சினிமா நடிகனாகி, இனி ஹோம் ரன்தான் (நம் சிக்ஸர் மாதிரி) அடிப்பேன் என்கிறான். (முதல் படத்தில் வெஸ்லி ஸ்னைப்ஸ், இதில் ஓமர் எப்ஸ்.) கோபத்தில் பந்தைப் பிளந்த செரானோ பௌத்தனாகி, அடிப்பதற்கே மனசில்லாமல் நிற்கிறான். இன்னொரு பழைய ஆட்டக்காரன் டார்ன் ஓய்வு பெற்று அணியையே வாங்கி, கையில் காசில்லாமல் பழைய முதலாளியம்மாவிடமே திருப்பி விற்கிறான்.

சிரிப்பு குறைவு என்று எல்லோரும் சொல்வது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஜப்பானிலிருந்து வரும் டனாகா என்ற பாத்திரத்தை எழுதிய விதம் இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதில் நடித்த இஷிபாஷி அவருடைய நாட்டில் பெரிய நகைச்சுவைக் கலைஞர், அவரைக் கேலிப் பொருளாக மட்டும் வைத்துவிட்டார்கள். அப்போது அமெரிக்க மேஜர் லீகில் ஒரு ஜப்பானியர்கூட ஆடிக்கொண்டிருக்கவில்லை. 1964, 65இல் முராகாமி ஆடியதற்குப் பிறகு முப்பது வருஷம் இடைவெளி. நோமோ வந்தது 1995இல்தான், அதாவது படத்துக்கு அடுத்த வருஷம். நோமோ பந்தெறிந்ததைப் பார்த்த பிறகு எழுதியிருந்தால் அந்தப் பாத்திரத்தை இப்படி எழுத அவர்களுக்குக் கை வந்திருக்காது.

ஆனால் சிரிப்பு குறைந்ததற்குக் காரணம் எழுத்தாளர் அலட்சியமாக இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் படத்தில் யாருக்கும் இழக்க எதுவும் இல்லை. ஒருவன் விழுந்தால் சிரிக்கலாம், ஏற்கெனவே தரையில் கிடப்பவன்தானே. இரண்டாவதில் எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது, அது நழுவிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். பயந்துபோனவனைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது.

ரூப் பேக்கர்

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் புதிதாக ஒரு பையன் வருகிறான். ரூப் பேக்கர், எரிக் ப்ரஸ்காட்டர் நடித்தது. கேட்சர். நம் ஊர்க் கணக்கில் விக்கெட் கீப்பர் மாதிரி: அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் எறிகிற ஒவ்வொரு பந்தையும் வாங்கி, அவனிடமே திருப்பி எறிய வேண்டும். ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பேர்; எதிரணி ஆள் இரண்டாவது பேஸைத் திருட, அதாவது பந்து அடிபடாமலே போய்ப் பிடிக்க, ஓடினால், உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து சுமார் 127 அடி தூரம் அம்பு மாதிரி அனுப்ப வேண்டும். பேக்கர் அந்த 127 அடியை அசால்ட்டாக எறிவான். பிட்சருக்கு அறுபதரை அடிதான், நம் கிரிக்கெட் பிட்சைவிடக் கொஞ்சம் குறைவு. யாரும் ஓடவில்லை, யாரும் துரத்தவில்லை, பந்தைச் சும்மா திருப்பித் தர வேண்டும். அதுதான் அவனுக்கு வராது. ஒன்று தலைக்கு மேலே போகும், அல்லது பாதியிலேயே விழும்.

இந்தக் காட்சியில்தான் என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மற்றவர்கள் சிரிக்கிற இடம் அது. அவள் சிரிக்கவில்லை. “அவனுக்கு எறியத் தெரியுமே அம்மா, அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தில் டாம் பெரஞ்சரின் பாத்திரமான ஜேக் டெய்லர், பழைய கேட்சர், முட்டி தேய்ந்து பயிற்சியாளராக ஆனவன், ஒரு வழி கண்டுபிடிக்கிறான். நீ எதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாய், அதைச் சொல்லிக்கொண்டே எறி என்கிறான். பையன் எங்கோ படித்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே எறிகிறான், பந்து நேராகப் போய்ப் பிட்சர் கையில் விழுகிறது. வாய் அதன் வேலையைப் பார்க்கிறது, மனசு வாயோடு போகிறது, கை தனியாக விடப்பட்டுத் தன் வேலையைச் செய்கிறது.

அடுத்த வசந்தகாலத்தில் என் மகள் ஒரு பாட்டுப் போட்டியில் பாடினாள். அதற்கு முந்தின வருஷம்தான் அவள் முதன்முதலாகப் போட்டியில் நின்று பரிசு வாங்கியிருந்தாள். அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை, பாடிவிட்டு வந்து தண்ணீர் குடித்தாள், பேரைக் கூப்பிட்டார்கள். இந்த முறை எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுகிற வர்ணம். முக்தாயி ஸ்வரம் வரைக்கும் குறையில்லாமல் வந்து, சரண வரியை எடுக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுருதிப் பெட்டி மட்டும் இழைந்துகொண்டிருந்தது. தாளம் போட்ட வலது கை தொடையிலிருந்து எழும்பி, விரல்கள் விரிந்தபடி அந்தரத்திலேயே இருந்தது. அது எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. நடுவர்களில் ஒருவர் மெல்ல வரியை எடுத்துக் கொடுத்தார், இவள் அதைப் பிடித்துக்கொண்டு முடித்தாள்.

காரில் வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. நெடுஞ்சாலை ஏறிய பிறகு, “நான் ரூப் பேக்கர் மாதிரி ஆயிட்டேன்மா” என்றாள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டே அழுதேன். எனக்குச் சொல்லத் தெரியாத ஒன்றுக்கு அவளிடம் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை அவளுக்குக் கொடுத்தது எல்லோரும் வீண் என்று ஒதுக்கிய ஒரு படம்.

நிஜத்தில் இருந்த ஆள்

அன்றிலிருந்துதான் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பேக்கர் வெறும் கற்பனை என்று நினைத்திருந்தேன், ஆனால் அச்சு அசலாக அதே தொல்லை இருந்த கேட்சர் ஒருவர் நிஜத்தில் இருந்தார். மேக்கி சாஸர், 1988 முதல் 1992 வரை நியூயார்க் மெட்ஸ் அணியில் ஆடியவர். நல்ல மட்டையாளர். இரண்டாவது பேஸுக்கு எறிவதில் தடங்கல் இல்லை. பிட்சருக்குத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பந்தைக் கையுறைக்குள் தட்டுவார், எடுப்பார், மறுபடி தட்டுவார், விட முடியாது. எத்தனை முறை தட்டுகிறார் என்று அரங்கத்தில் இருப்பவர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார்கள். ஓடுகிற ஆட்கள் அந்த இடைவெளியைப் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடுவார்கள். 1990இல் ஹோம் பிளேட்டில் (அடிப்பவர் நிற்கிற இடம்) ஒருவர் வந்து மோதிக் காலில் அடிபட்டதற்குப் பிறகு அது இன்னும் மோசமானது. நாற்பதாயிரம் பேர் எண்ணுவது காதில் விழ, கையிலிருக்கிற பந்தை விட முடியாமல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிற காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தத் தொல்லைக்கு யிப்ஸ் என்று பேர். கோல்ஃப் ஆட்டத்திலிருந்து வந்த சொல். 1971 உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் ஜெயித்ததற்கு முக்கியக் காரணமாக இருந்த பிட்சர் ஸ்டீவ் பிளாஸ், 1973இல் பந்தை நேராகப் போடவே முடியாமல் போய், சீக்கிரமே ஆட்டத்தை விட்டார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியில் இரண்டாவது பேஸைக் காத்த நாப்ளாக், பக்கத்திலேயே இருக்கிற முதல் பேஸுக்கு எறிய முடியாமல் தடுமாறினார், 2000இல் அவர் எறிந்த ஒரு பந்து பார்வையாளர் வரிசைக்கே போய் ஒரு அம்மாவின் முகத்தில் பட்டது. கஷ்டமான எறிதலில் இது வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். கஷ்டமானதற்கு யோசிக்க நேரம் இருக்காது. நேரம் இருக்கிற எளிய வேலையில்தான் மனசு போய் உட்கார்ந்துகொள்கிறது.

படத்தில் ஒரே காட்சியில் குணமாகிவிடுகிறது. சாஸருக்கு அப்படி நடக்கவில்லை. ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் கழித்து, கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, சின்ன வயதில் பட்ட அதிர்ச்சிகளையும் மைதானத்து மோதல்களையும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்த பிறகுதான் அவரால் மறுபடி இயல்பாக எறிய முடிந்தது. இந்த இடத்தில் படத்தின் மேல் எனக்குக் குறை உண்டு. ஆனாலும் எண்ணிக் கைகொட்டிய அரங்கத்துக்கு நடுவில், அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிற ஒரு பழைய கேட்சரை எழுதியிருக்கிறார்களே, அதற்காக அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மூன்று கேட்சர்கள்

இன்னொன்று, ஐந்தாறு முறை பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. இது கேட்சர்களின் படம். முட்டி போன டெய்லர் ஒரு கேட்சர், மேனேஜர் லூ பிரவுனுக்கு மாரடைப்பு வந்ததும் அணியையே தாங்குகிறவன். எதிரி ஜாக் பார்க்மன் ஒரு கேட்சர், கிளீவ்லாண்ட் விலைக்கு வாங்கி, பிறகு சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போகிறவன். பேக்கர் மூன்றாமவன். மைதானத்தில் மற்ற எட்டுப் பேரும் ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்பார்கள். கேட்சர் ஒருவன்தான் எல்லோரையும் எதிர்முகமாகப் பார்க்கிறவன். கடைசியில் வான் பழைய வேகத்துக்குத் திரும்பி வந்து, வேறொருவனை வேண்டுமென்றே அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, பார்க்மன்தான் வேண்டும் என்று அவனைப் பந்தெறிந்தே அவுட் (ஸ்ட்ரைக்-அவுட்) செய்யும்போது கைதட்டல் முழுவதும் வானுக்குப் போகிறது. பிட்சருக்குத்தானே எப்போதும் போகும்.

கமெண்டரிப் பெட்டியில் இருக்கிற ஹாரி டாய்லையும் சேர்த்தால் நான்கு. அதில் நடித்த பாப் யூக்கர் நிஜத்திலும் கேட்சர். ஆறு சீசன், மட்டையடிச் சராசரி சரியாக .200 (பத்தில் இரண்டு தடவைதான் அடி), பதினான்கு ஹோம் ரன். 1964இல் உலகத் தொடர் ஜெயித்த செயின்ட் லூயிஸ் அணியில் இருந்தார். 1971இலிருந்து 2024 வரை மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணிக்கு வானொலியில் வர்ணனை செய்தார். ஊரே அவர் குரலைக் கேட்டு வளர்ந்தது. 2025 ஜனவரியில், தொண்ணூறு வயதில் காலமானார்.

அவர் போன செய்தி வந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். கையில் ஒன்றும் இல்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. காபி போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “அவர் இரண்டாவது படத்திலும் இருக்கிறார், தெரியுமா?” என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். “போடட்டுமா?” என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படம் ஓட ஓட, ஏன் இது தன் படம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். படம் வெளியானது 1994 மார்ச் 30. ஐந்து நாள் கழித்து ஏப்ரல் 4இல் கிளீவ்லாண்டில் புது மைதானம் திறந்தார்கள். ஏரிக்கரையில் காற்றடிக்கிற பழைய அரங்கத்தில், எழுபதாயிரத்துக்கு மேல் இடமிருந்தும் ஆளில்லாத வரிசைகளில் அப்பாவோடு உட்கார்ந்து வளர்ந்தவர் இவர். அந்த வருஷம் நிஜ அணி எழுந்துவிட்டது. ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது 66 வெற்றி, 47 தோல்வி. ஒரே ஒரு ஆட்டம் முன்னால் நின்றது சிகாகோ ஒயிட் சாக்ஸ், படத்தில் வருகிற அதே எதிரி. உலகத் தொடரையே ரத்து செய்துவிட்டார்கள். “திரையில் அவர்கள் சிகாகோவை ஜெயித்தார்கள், எங்களுக்கு ஆடுவதற்கே கொடுக்கவில்லை” என்றார். அடுத்த வருஷம் 144 ஆட்டத்தில் 100 வெற்றி, உலகத் தொடரில் அட்லாண்டாவிடம் தோல்வி. 1997இல் உலகத் தொடரின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸ் வரை போய்த் தோற்றது மயாமியில், முதல் படத்து முதலாளியம்மா அணியைக் கொண்டுபோகப் பார்த்த அதே ஊரில். 2016இலும் ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். அணியின் பேர்கூட 2022 சீசனிலிருந்து மாறிவிட்டது, இப்போது கார்டியன்ஸ். “முதல் படம் வந்தபோது எங்களிடம் எதுவும் இல்லை, அதனால் சிரித்தோம். இது வந்தபோது நிஜமாகவே கிடைத்துவிடும் போலிருந்தது. கையில் வருகிறது என்று தெரிந்த பிறகு படத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?”

நான் வருஷக்கணக்காக என் மகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததை அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. இந்த நகரம் இரண்டாம் தடவையின் பயத்தை முப்பது வருஷமாகச் சுமக்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது, படத்தை அவர் ஏன் ஒதுக்கினார் என்பதும்.

பேக்கர் காட்சி வந்தது. மகள் இப்போது கல்லூரியில், வேறு ஊரில் இருக்கிறாள். பாடுகிறாள், போட்டிக்குப் போவதில்லை. சரண வரிக்கு முன்னால் இன்றைக்கும் ஒரு கணம் இடது கையால் புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ லேசாகப் பிடித்துக்கொள்வாள். நான் தவிர யாருக்கும் அது தெரியாது. திரையில் பையன் எறிந்த பந்து தலைக்கு மேலே போனது. பெரியவர் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“கொஞ்சம் பின்னால் ஓட்டு” என்றார்.

ஓட்டினேன்.

“பார், பிட்சர் பந்து வரும்போது எறிகிற கையை எங்கே வைத்திருக்கிறான் பார். பின்னால் மறைத்து வைத்திருக்கிறான், பந்து பட்டு விரல் உடையாமல் இருக்க. இவனுக்கு யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.” அப்புறம் குளிர்ந்துபோன காபியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, “இந்தப் பையன் பேர் என்ன?” என்று கேட்டார்.